சுறாவுக்கு அழுத கதையும் பிலோமியின் பூனா படிப்பும்

மரியே வாழ்க

இராயபுரம்,
18-6-1973

என் அன்புக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய மச்சான் செல்வநாதன் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் அருள்நாதன் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. தேவமாதா தயவில் இங்கே நான், அக்கா, போன மழையில் ஒழுகிய கூரை எல்லோரும் சௌக்கியம். குண்டக்கல்லில் ரயில் கார்டு உத்தியோகத்தில் நீங்களும் உங்கள் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் சௌக்கியமா? உங்கள் மகள் பிலோமியும் சௌக்கியம்தான். உடம்பு இராயபுரத்தில் இருக்கிறது, புத்தி மட்டும் பூனாவில்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பி.ஏ. படித்தது போதும், சினிமாப் படிப்பு என்ற பேச்சே என் வீட்டில் கூடாது, பெரம்பூர் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்குள் நீ இதைத் தடுத்து நிறுத்தவேண்டியது என்று ஆர்டர் போட்டிருந்தீர்கள். மச்சான், துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவன் நான். ஒரு லாரி கனத்துக்கு இரும்பை அந்தரத்தில் நிறுத்து என்றால் நிறுத்திவிட்டு பீடி பற்றவைப்பேன். உங்கள் பெண்ணை நிறுத்த எந்தக் கயிறும் என்னிடம் இல்லை. இருந்தாலும் கட்டளை கட்டளைதானே என்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் கடிதத்தை உங்கள் குரலிலேயே உறுமி வாசித்தேன். கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா மாமா? நாளைக்குக் காலையில உனக்கு ஷிப்ட் இல்லதானே? கரைக்கு வா, கூட்டம் சேந்தா தள்ளிவுட ஆள் வேணும்" என்கிறாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவள் நடிக்கப் போகிறாள், சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள், மாடு தின்னும் என்றெல்லாம் நீங்கள் பயந்து எழுதியிருந்தீர்கள். அது இல்லை. இவள் கேட்பது பூனாவில் டாக்குமெண்டரிப் படம் எடுக்கிற படிப்பு. கொட்டகையில் பெரிய படம் தொடங்குமுன் அணைக்கட்டு, வெள்ளம், மாநாடு என்று ஓடுமே, நாம் எல்லாம் எழுந்து முறுக்கு வாங்கப் போவோமே, அந்தப் படம். மகள் முகத்தை ஊரே பார்க்கும் என்று நீங்கள் கலங்கவேண்டாம். அவள் கேமராவுக்குப் பின்னால் நிற்பாள், ஜனம் முறுக்குக் கடையில் நிற்கும்.

இதற்கு மனுப் போடுகிறவர்கள் சின்னதாக ஒரு படம் எடுத்து அனுப்பவேண்டுமாம். நடிப்பு கூடாது, வேலை செய்கிறவர்கள் வேலை செய்கிறபடியே இருக்கவேண்டுமாம். டோல்கேட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அப்துல் வஹாப் என் தோஸ்து. கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய, சாவி கொடுத்தால் ஓடுகிற சினிமா கேமரா ஒன்று அவனிடம் இருக்கிறது. அதையும் இருந்த ஒரே ஒரு சுருளையும் கொடுத்து, "நாலு நிமிசம்தான் ஓடும் பாப்பா, தப்பாச்சுன்னா வேற சுருள் கெடையாது" என்று சொல்லி அனுப்பினான். காலையில் நடக்கிற மீன் ஏலத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடுவது என்று பிலோமியின் திட்டம்.

இங்கேதான் மச்சான், உங்கள் கட்டளையை நான் நிறைவேற்றினேன். ஏலம் கூறும் வியாகுலம்மாளிடம் போய், "இது ரகசியம், நாளைக்கு எங்க பிலோமி ஒன்னைப் படம் புடிக்கப் போவுது, யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். வியாகுலம்மாளிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் கோயில் மணியை அடிப்பதும் ஒன்று. படம் கெட்டுப்போகும், பெண் அழுதுவிட்டு பெரம்பூர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளும், நீங்கள் எனக்கு ஒரு வேட்டி வாங்கித் தருவீர்கள் என்று கணக்குப் போட்டேன்.

விடிந்ததும் கரைக்குப் போனால் எனக்கே தலை சுற்றியது. நம் ஜனத்துக்குக் கேமரா என்றால் இரண்டே சமயம்தானே. தாலி கட்டினால் ஒரு படம், பெட்டியில் படுத்தால் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று ஒரு படம். இரண்டிலும் சிரிக்கக்கூடாது, அசையக்கூடாது. அதனால் கரையில் ஒருத்தர்கூட வேலை செய்யவில்லை. ஆண்கள் பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டையில், பெண்கள் பட்டுப் புடவையில், சின்னப் பிள்ளைகள் முன்னால் சம்மணம் போட்டு, பெரியவர்கள் பின்னால் வரிசை கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவிலே இரண்டு கூடைமேல் ஒரு பலகை, பலகைமேல் அன்றைக்கு அகப்பட்ட ஆள் நீளச் சுறா, ஈ மொய்க்காமல் இருக்க அதன்மேல் ஈர வெள்ளைத் துணி. தலைமாட்டில் வியாகுலம்மாள், கழுத்து நிறையச் சங்கிலி, கண்கூடச் சிமிட்டவில்லை. பிலோமியோ சாவியை முடுக்கிவிட்டாள், கேமரா கர்ரென்று ஓடுகிறது. "அக்கா, ஏலம் போடு! வேலையப் பாரு!" என்று கெஞ்சுகிறாள். வியாகுலம்மாள் உதட்டை அசைக்காமல், "போட்டோ புடிக்கசொல்லோ பேசினா வாய் கோணிக்கும் கண்ணு, நீ புடி" என்கிறாள். அசைந்தது ஒரு காக்காய் மட்டும்தான். பிலோமி என் பக்கம் திரும்பினாள். அழுகை முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் கேமராவைக் கீழே இறக்கவில்லை. அந்த நேரம் எனக்கு உங்கள் வேட்டி மேல் இருந்த ஆசையே போய்விட்டது.

அப்போது பார்த்து சிலுவையம்மாள் வந்தாள். எந்தச் சாவு வீடானாலும் முதல் ஆளாகப் போய் ஒப்பாரி வைக்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் அப்பாவுக்குக்கூட எங்கள் எல்லோரையும்விட நன்றாக அழுதாள். தூரத்திலிருந்து வரிசையைப் பார்த்திருக்கிறாள், கேமராவைப் பார்த்திருக்கிறாள், வெள்ளைத் துணியைப் பார்த்திருக்கிறாள். யார் என்னவென்று கேட்கவில்லை. தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஓடிவந்து, "என் ராசாவே, கடலுக்குப் போய்த் திரும்பி வந்தியே, கரையில கண்ண மூடினியே" என்று பலகைமேல் விழுந்தாள். விழுந்த வேகத்தில் துணி விலகி, சுறா அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

வியாகுலம்மாள் அதற்குமேல் சிலையாக நிற்பாளா? "அடிப் பாவி! கண்ணாடியாட்டம் கீற மீனுக்கு ஒப்பாரியா வைக்கிற? செத்து நாலு நாள் ஆனா மாரி அழுதுகினு கீறியே, எவன் வாங்குவான்? நாறுதா? மோந்து பாரு! மோந்து பாருடி!" என்று அவள் பிடரியைப் பிடித்து மீனிடம் கொண்டுபோனாள். சிலுவையம்மாள் அசரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அழுதது அழுதுட்டேன், தலைப் பக்கம் எனக்குக் குடுத்துடு" என்றாள். "தலை கேக்குதா உனக்கு? ஏலத்துல வந்து கேளு!" என்று வியாகுலம்மாள் புடவையை இழுத்துச் செருகி விலை கூற, எவனோ ஒருத்தன் பின்னால் இருந்து விலை கேட்க, பூசைச் சட்டைகள் எல்லாம் மீன் கூடைமேல் பாய, ஒரு நிமிஷத்தில் கரை மறுபடி கரையாகிவிட்டது. யாருக்கும் கேமரா ஞாபகமே இல்லை. பிலோமி கூட்டத்துக்குள் புகுந்து சுருள் தீர்கிறவரை எடுத்தாள். கூட்டம் தள்ள வந்த நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

சுருள் பம்பாய்க்குப் போய்க் கழுவி வந்தது. வஹாப் தன் ஸ்டுடியோச் சுவரில் போட்டுக் காட்டினான். சத்தம் இல்லாத படம்தான், ஆனால் பார்க்க வந்தவர்களுக்கு வாய் இல்லையா என்ன? வியாகுலம்மாள் எழுந்து நின்று சுவரில் இருந்த சிலுவையம்மாளைப் புதிதாகத் திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஜச் சிலுவையம்மாள், "சொம்மா கெட! எவ்ளோ நல்லா அழுதுக்கீறேன் பாரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வஹாப் என்னிடம், "அருளண்ணே, நான் இத்தனை வருசமா ஜனங்கள அசையாதேன்னு சொல்லியே கெடுத்துட்டேன்" என்றான்.

படத்தின் கடைசியில் கூட்டத்து ஓரத்தில் அக்கா வருகிறாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் அடங்காமல், தோள் குலுங்கச் சிரிக்கிறாள். உங்கள் கல்யாணப் போட்டோவில் நீங்கள் இருவரும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறமாதிரி நிற்பீர்களே, அந்த அக்காவா இது? "நானாடா அது?" என்று கேட்டாள். வஹாபை மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடியும். அப்புறம் வீட்டுக்கு வந்து, "அவரு வேணாம்னா வேணாந்தான், கையெழுத்துப் போடக் கூடாதுன்னே எழுதிடு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகையால் மச்சான், நாங்கள் எல்லோரும் உங்கள் பக்கம். தகப்பனார் கையெழுத்து இல்லாமல் மனுவை வாங்கமாட்டார்களாம், அதுவும் இம்மாதக் கடைசிக்குள் பூனா போய்ச் சேரவேண்டுமாம். மனுவை இதோடு வைத்திருக்கிறேன். பெரிதாகக் குறுக்கே ஒரு கோடு கிழித்து, 'முடியாது' என்று எழுதித் திருப்பி அனுப்பவும். பிலோமி அழமாட்டாள், வெறுமனே தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். லீவு கிடைத்தாலும் தயவுசெய்து வந்து அந்தப் படத்தைப் பார்த்துவிடவேண்டாம். மனசு இளகிப்போகும், அப்புறம் கண்டிப்பான தகப்பன் என்று சொல்ல நம் குடும்பத்தில் ஆள் இருக்காது.

ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அந்தோணியார் உங்களையும், உங்களுக்குப் பின்னால் வருகிற வண்டியையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத மைத்துனன்
ம. அருள்நாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடிதம் முழுவதையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்ததும், "எல்லாம் எழுதிட்டே, கையெழுத்து எந்த எடத்துல போடணும்னு எழுதலியேடா?" என்றாள். மனுவில் மூன்றாவது தாள், அடியில், வலது பக்கம். பென்சிலால் சிலுவை போட்டுக் காட்டியிருக்கிறாள். உறை ஏன் இப்படிப் புடைத்திருக்கிறது என்று யோசிக்கவேண்டாம், உள்ளே பேனாவும் வைத்திருக்கிறாள்.