உறையாத தேன்

கரண்டி தேனுக்குள் நட்டுக்குத்தலாக நின்றது. தேன்காரன் அல்லால் கையை எடுத்த பிறகும் அப்படியே நின்றது.

"போச்சு!" என்றாள் மனைவி ரஹ்மா. "சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துடுவாங்க. இதை வெச்சா, சீனி கலந்த தேன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க."

நல்ல தேன் உறையத்தான் செய்யும். தைல மரத்துத் தேன் கொஞ்சம் சீக்கிரமாகவே உறையும். இது அல்லாலுக்குத் தெரியும், அவன் வளர்க்கும் தேனீக்களுக்கும் தெரியும். கெனித்ரா சந்தையில் தேன்கடை வைத்திருக்கும் ஹாஜி புஷ்தாவுக்குத் தெரியாதே! மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் உறைந்த தேனைக் கண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பியவர் அவர். "தேன்ல பொய் சொல்றவன் பொண்ணு விஷயத்துல மட்டும் உண்மையா சொல்லப்போறான்?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவரேதான்.

அவருடைய இளைய மகன்மேல் அல்லாலின் மகள் நுஹைலா உயிரையே வைத்திருந்தாள். வீட்டிலிருந்த பதினோரு ஜாடியும் உறைந்து கிடந்தன.

"வெந்நீர்ல வெச்சா மெதுவா இளகிடும்," என்றான் அல்லால்.

"மெதுவாவா? பாங்கு சொல்லியாச்சுய்யா!"

தேனைச் சட்டியில் கொட்டி அடுப்பில் ஏற்றினான். திரும்பிப் பார்ப்பதற்குள் பொங்கிக் கறுத்துவிட்டது. தொண்டையில் லேசாகக் குளிரும் அந்த மரவாசனை போன இடம் தெரியவில்லை.

நுஹைலா நக்கிப் பார்த்தாள். "இருமலுக்கு நல்லதுன்னு ஊருக்கெல்லாம் குடுப்பீங்களேப்பா, இதைச் சாப்பிட்டாத்தான் இருமலே வரும்."

வாசனைதானே வேண்டும்? கொல்லையிலிருந்து தைல மரத்துத் தழையை உருவி வந்து, கசக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டான். வாசனை வந்தது. கூடவே வேப்பெண்ணெய்க் கசப்பும் வந்தது.

"பொண்ணு பார்க்கக் கூப்பிட்டுட்டு கஷாயமா ஊத்தப்போற?" என்றாள் ரஹ்மா.

வாசலில் வண்டிச் சத்தம். தேநீருக்கு வைத்திருந்த கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியை உடைத்துப் பாதியைச் சட்டியில் போட்டான் அல்லால். முப்பது வருஷத்தில் முதல் தடவை. தேனீக்கள் பார்த்துவிடுமோ என்று ஜன்னலைச் சாத்தினான். அவமானத்தில் காது சுட்டது.

ஹாஜி மனைவியோடு வந்தார், அமர்ந்தார், கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். தேன் வழவழவென்று ஓடியது.

"பார்த்தியா அல்லால், இதுதான் தேன்! என் கடையிலயும் இருபது வருஷமா ஒரு ஜாடி உறைஞ்சதில்ல. எத்தனை பேருக்கு நெஞ்சுச்சளியை அறுத்திருக்கு தெரியுமா?"

ரொட்டியைத் தோய்த்து வாயில் போட்டார். மென்ற தாடை பாதியில் நின்றது. அல்லாலை ஏற இறங்கப் பார்த்தார்.

சமையலறைத் திரைக்குப் பின்னால் நுஹைலா விசும்புவது அல்லாலுக்குக் கேட்டது. இனி மறைத்து என்ன பயன்?

"ஹாஜி, மன்னிக்கணும்... நான் ஒண்ணு சொல்லியாகணும்..."

வந்ததிலிருந்து வாய் திறக்காத ஹாஜியின் மனைவி லல்லா யம்னா, விரலைச் சப்பிக்கொண்டே கணவரைப் பார்த்தாள்.

"ஏன் ஹாஜி முழிக்கிறீங்க? நம்ம வீட்டுல கடைக்குக் காய்ச்சுறதேதான். தழை மட்டும் ஒரு பிடி கூடிப்போச்சு."