சர்வருக்குப் பிடித்த பேய்

2006-இல் பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டருக்குப் பேய் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். கணினிச் சித்தர் என்று பெயர். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் திருப்போரூரில் அவர் வீட்டு வாசலில் வரிசை நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை, கையில் எலுமிச்சம்பழம். எல்லாரும் பொறியியல் படித்தவர்கள். படிக்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை? பேய் பிடிப்பதற்கு அவர்களிடம் லேப்டாப் இல்லையே!

சித்தரின் சொந்தப் பெயர் உலகநாதன். இரண்டு வருடம் முன்புவரை மனை விற்றுக்கொண்டிருந்தார். சர்வர் என்றால் இட்லி கொண்டுவருகிறவர் என்பதுதான் அப்போது அவருடைய கணினி அறிவு.

அனு அந்தச் சாலையில் ஒரு கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. குறை சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? அந்தக் கம்பெனி மாமல்லபுரம் விடுதிகளுக்கு அறை பதியும் மென்பொருளைச் செய்திருந்தது. டிராவல் ஏஜென்சிகளின் கம்ப்யூட்டர்கள் 'அறை இருக்கிறதா?' என்று நேராக இதனிடம் கேட்கும். சர்வர் பதில் சொல்லும். சில நாள் ஒழுங்காகச் சொல்லும். பிறகு வாயை மூடிக்கொள்ளும்.

உடனே மேனேஜர் கிருஷ்ணபிரசாத் சித்தரை அழைப்பார். சித்தர் முதலில் சுவிட்சை அணைக்கச் சொல்வார். பேய் மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்குமாம். ஒன்பது நிமிடம் மந்திரம், கற்பூரம், எலுமிச்சை. அப்புறம் சுவிட்சைப் போட்டால் சர்வர் சுறுசுறுப்பாகப் பதில் சொல்லும். மூன்று முறையும் பலித்தது. அலுவலகமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"திங்கட்கிழமை சாமியோட ஒரு வருஷ ஒப்பந்தம் போடறோம்" என்றார் கிருஷ்ணபிரசாத். "இனிமே டெஸ்டிங்குக்குன்னு தனியா ஆள் எதுக்கு? அனு, நீங்க வேற இடம் பார்த்துக்கங்க."

அனுவுக்கு வேலை போவதுகூடப் பரவாயில்லை. ஒரு எலுமிச்சம்பழத்திடம் தோற்றுப் போவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒரே ஒரு டெஸ்ட் வைக்கிறேன் சார். சாமி ஜெயிச்சா நானே கிளம்பிடறேன்."

திங்கட்கிழமை காலை பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் உட்பட எல்லாரும் கூடிவிட்டார்கள். அனு பலகையில் பெரிதாக எழுதினாள்: '401-வது பதிவில் பேய் வரும்.' பிறகு பொய்ப் பெயர்களில் அறை கேட்டு வரிசையாக அனுப்பினாள். 399 போனது. 400 போனது. 401-இல் சர்வர் நின்றது.

"பேயைக் கூப்பிட்டுட்டேன் சாமி. நீங்க ஓட்டுங்க. ஆனா சுவிட்சைத் தொடக்கூடாது."

"அது சாஸ்திர விரோதம்!" என்றார் சித்தர்.

"சுவிட்சைப் பத்தி எந்தச் சாஸ்திரத்துல சாமி எழுதியிருக்கு?"

கூட்டம் சிரித்தது. சித்தருக்கு வேறு வழியில்லை. ஒன்பது நிமிடம் மந்திரம் சொன்னார். பதினெட்டு ஆயிற்று. நாற்பது ஆயிற்று. ஏழு எலுமிச்சம்பழம் தீர்ந்தது. கற்பூரப் புகையில் மேனேஜர்தான் இருமினார்; சர்வர் அசையவில்லை.

அனு வாசலைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க வந்து இதை ஒருதரம் அணைச்சுப் போடுங்க."

காவலாளி திருநாவுக்கரசு தயங்கினார். "எனுக்கு மந்திரம் எதுவும் தெரியாதும்மா."

"சுவிட்ச் போடத் தெரியுமில்ல? போதும்."

அணைத்தார். போட்டார். சர்வர் பதில் சொல்லத் தொடங்கியது.

"இன்னாம்மா இது! அப்ப நானும் சித்தனா?" என்று வாயைப் பிளந்தார் அவர்.

அனு விளக்கினாள்: "ஒவ்வொரு பதிவுக்கும் நம்ம புரோகிராம் ஒரு கதவைத் திறக்குது. வேலை முடிஞ்சா மூட மறந்துடுது. மொத்தம் நானூறு கதவு. எல்லாம் திறந்தபிறகு புதுசா வர்றவனுக்குக் கதவே கிடையாது. அணைச்சுப் போட்டா எல்லாம் மூடிக்கும். அதான் காலையில வந்ததும் நானே ஒருதரம் அணைச்சுப் போட்டுட்டு எண்ணினேன். மூணு வாரம் முன்னாடியே எழுதிக் குடுத்தேன் சார். யாரும் படிக்கவே இல்லை."

புரோகிராம் எழுதிய லட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டு, கதவை மூடச் சொல்லும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். அனு ஐயாயிரம் பதிவு அனுப்பினாள். பேய் வரவே இல்லை.

"நல்லாப் போய்க்கினு இருந்த பொழப்பும்மா! இப்படிப் பேஜாரு பண்ணிட்டியே!" தேவபாஷை போய் ஊர்ப்பாஷை வந்துவிட்டது சித்தருக்கு. பின்படிக்கட்டு வழியாக மறைந்தார். ஒப்பந்தக் காகிதத்தைக் கிழித்த கிருஷ்ணபிரசாத், அனு எழுதிக் கொடுத்ததையெல்லாம் அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அனுவின் மேசை முன்னால் பக்கத்துக் கம்பெனி இளைஞன் ஒருவன் எலுமிச்சம்பழத்தோடு நின்றான்.

"உங்க கை ராசியான கைன்னாங்க மேடம். நாளைக்கு எங்க மென்பொருளை வெளியிடறோம். ஒருதரம் தொட்டுக் குடுங்க."

அனு பழத்தை வாங்கித் திருநாவுக்கரசிடம் நீட்டினாள். "ஜூஸ் போடுங்கண்ணே, வெயில் ஜாஸ்தி." பிறகு அவனிடம் சொன்னாள்: "யாரு அற்புதம் பண்றேன்னு வந்தாலும், முதல்ல சுவிட்சைத் தொடாமப் பண்ணச் சொல்லுப்பா. என்னையும் சேர்த்துத்தான்."