சாக்பீஸ் அண்ணாத்தேயின் லோடு டெஸ்ட்

தான் செய்த ரிப்பேரைத் தானே 'ரிஜெக்ட்' செய்யும் மனிதர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான் உண்டு. அவர் காட்டுப்பாக்கத்தில், எங்கள் அடுக்குமாடிக்கு நேர் எதிர் வீட்டில் இருக்கிறார். ரேஷன் கார்டில் அவருக்கு என்ன பெயரோ தெரியாது. ஊருக்கு அவர் சாக்பீஸ் அண்ணாத்தே.

மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். அடுத்தவர் லேத்தில் கடைந்து கொடுத்த சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தேறினால் பச்சை சாக்பீஸில் ஒரு டிக். தேறாவிட்டால் சிவப்பில் பெருக்கல் குறி. சர்வீஸ் முழுக்க ஒரு போல்ட்டைக்கூடத் தன் கையால் முடுக்கியதில்லை. அந்த ஏக்கமெல்லாம் ஓய்வு பெற்ற மறுநாளே கிளம்பி, அவருடைய கார் மேல் இறங்கியது.

கார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த சின்ன வண்டி. "உங்க வயசுதான் இருக்கும். காலையில எழுப்பறதுக்குள்ள உசுரு போயிரும், அதுவும் உங்கள மாதிரியே" என்று என்னிடம் சொல்வாள் என் மனைவி கோமதி.

ரேடியேட்டர் ஒழுகியபோது அண்ணாத்தே அதில் மஞ்சள்தூளைக் கொட்டினார். ஒழுகல் நின்றது என்னவோ உண்மை. ஆனால் வண்டி சூடேறினால் தெருவே யார் வீட்டில் ரசம் என்று மூக்கை உறிஞ்சும். டிரைவர் பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை என்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தார். அதற்குப் பிறகு வெளியிலிருந்தும் திறக்கவில்லை. அன்று முதல் இடது பக்கமாக ஏறி, கியரைத் தாண்டி, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தன் இருக்கைக்குப் போய்ச் சேருவார். வைப்பர் மோட்டாரைக் கழற்றியவர் திரும்ப மாட்டவே இல்லை. வைப்பரின் இரு பக்கமும் நைலான் கயிறு கட்டி, இரண்டு ஜன்னல் வழியாக உள்ளே விட்டுவிட்டார். மழை வந்தால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும்.

இதெல்லாம் அவர் வீட்டு விவகாரம் என்று நாம் இருந்துவிட முடியாது. ரிப்பேர் முடிந்ததும் தெருவில் நின்று எங்கள் பால்கனியைப் பார்த்துக் கூவுவார்.

"நாலு பேரு எறங்கி வாங்கப்பா! லோடு டெஸ்ட்டு!"

முதல் தடவை நான் தப்பிக்கப் பார்த்தேன். "நீங்க மட்டும் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்களேண்ணே."

"இன்னா நைனா பேசற? வெய்ட்டு ஏத்தாம பண்ணா அது டெஸ்ட்டா? கம்பெனில அப்டி பாஸ் போட்டா என் சீட்ட கிழிச்சிருப்பான். வந்து குந்து!"

குந்தினேன். நூம்பலைத் தாண்டி வேலப்பன்சாவடி வரை போய்த் திரும்புவதுதான் அவருடைய டெஸ்ட். ஒரு தடவைகூட வண்டி நிற்காமல் போய்த் திரும்பியதில்லை. நின்றால் அவர் முகத்தில் துளி வருத்தம் இருக்காது. பானெட்டைத் தூக்கி, குற்றவாளியைக் கண்டுபிடித்து, சிவப்பு சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார்.

"எவன்டா இத்த ஃபிட் பண்ணது? கண்ணு இன்னா பொடனிலயா கீது? ரிஜெக்ட்டு!"

"நீங்கதாண்ணே ஃபிட் பண்ணீங்க."

"தெரியும். அதுக்காவ பாஸ் போட்டுற முடியுமா?"

பிறகு இறங்கித் தள்ளுவோம். திருநெல்வேலியிலிருந்து நாங்கள் இங்கே குடிவந்து அப்போது ஒரு வருடம். மேல் வீட்டுக்காரரோடு தினமும் ஒரே லிஃப்டில் போய்வந்தும் அவர் பெயர் எனக்குத் தெரியாது. நூம்பலில் வண்டியின் பின்னால் தோளோடு தோள் சேர்த்துத் தள்ளிய அன்றுதான், அவர் சதீஷ், ஓசூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, என்னைப் போலவே சனிக்கிழமையானால் ஊர் நினைப்பு வந்து தவிப்பவர் என்றெல்லாம் தெரிந்தது.

இனி கோமதியின் பரீட்சைக்கு வருகிறேன். அரசு வேலைக்கு இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். குக்கர் விசிலுக்கு நடுவே படித்தாள், மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதும் படித்தாள். வயது வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. ஆவடியில் மையம். ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மூன்று வாடகைக் கார்கள் வருகிறேன் என்று சொல்லி, மூன்றும் ஏமாற்றின. என் பைக் பார்க்கிங்கில் பாதிச் சக்கரம் மூழ்கி நின்றது. மணி ஏழரை. கோமதி ஹால் டிக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பால்கனியில் நின்றாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

அப்போது கீழேயிருந்து குரல் வந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் ஸ்பேனர்.

"லோடு டெஸ்ட்டு!"

எனக்கு முன்னால் கோமதி படியிறங்கிவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அண்ணாத்தேயின் முகம் சுருங்கிவிட்டது.

"பரீச்சைக்காம்மா? ஐயோ, இந்த வண்டி இன்னும் பாஸாவலியே!"

"நானுந்தான் இன்னும் பாஸாகல. எடுங்க அண்ணாச்சி!" என்றாள்.

அவர் அவளிடமிருந்து ஹால் டிக்கெட்டை வாங்கி, நனையாமலிருக்கத் தன் சாக்பீஸ் டப்பாவுக்குள் சுருட்டி வைத்தார். முன்னால் நான் இடது கயிறு. குரல் கேட்டு இறங்கி வந்த சதீஷ் பின்னால் வலது கயிறு. "இழு", "விடு" என்று நாங்கள் கத்த, நடுவே கோமதி கண்ணை மூடிக்கொண்டு சட்டப் பிரிவுகளை முணுமுணுக்க, வண்டி ரச வாசத்தோடு புறப்பட்டது.

நூம்பலில் நின்றது. தலையில் சாக்குப் பையைக் கவிழ்த்துக்கொண்டு இளநீர்க்காரர் ஓடி வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, மழைலயுமா? எப்பவும் அந்த போஸ்ட்டாண்டதான நிக்கும்?"

"பாப்பாவுக்குப் பரீச்சைடா!"

அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல் நாலு பேர் பின்னால் கை வைத்தார்கள். வண்டி உயிர் பெற்று வேலப்பன்சாவடி வரை ஓடி, பஞ்சர் கடை வாசலில் அடங்கியது. இந்த முறை தள்ளியும் அசையவில்லை. மணி எட்டேகால். பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு அந்தாண்ட உன் வண்டிய ஒருத்தனுக்கும் தெரியாதே அண்ணாத்தே! நின்னா எவன் தள்ளுவான்?" என்றவர், தன் மினி லாரியைக் கொண்டுவந்து காரின் முன்னால் கயிறு கட்டினார்.

இத்தனை வருடமாக அந்த வண்டி நின்ற இடத்திலெல்லாம் அவருக்கு ஓர் ஆள் இருந்தது எனக்கு அன்றுதான் உறைத்தது. நன்றாக ஓடும் கார் வைத்திருப்பவருக்கு அந்தச் சாலையில் யாரைத் தெரியும்?

அந்தக் கார் தன் ஆயுளில் முதல் முறையாக ஆவடியைப் பார்த்தது, கயிற்றில் கட்டுண்டு. மணி எட்டு ஐம்பத்தொன்பது. சாக்பீஸ் தூள் படிந்த ஹால் டிக்கெட்டோடு கோமதி உள்ளே ஓடினாள். பின்னாலேயே கேட் சாத்தப்பட்டது.

பரீட்சை முடியும்வரை அண்ணாத்தே கேட்டுக்கு எதிரே குடையோடு நின்றார். பானெட் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வண்டியப் பாக்கலயாண்ணே?"

"இன்னிக்கி டெஸ்ட்டு வண்டிக்கு இல்ல நைனா" என்றார், கேட்டைப் பார்த்தபடியே.

பல மாதம் கழித்து கோமதிக்கு வேலை உத்தரவு வந்தது. முதலில் அவரிடம்தான் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளின் இரண்டு பக்கமும் பார்த்து, முத்திரையைத் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பரிசோதித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை சாக்பீஸை எடுத்தார். தேயாத முழு சாக்பீஸ். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதற்கு வேலையே வந்திருக்கவில்லை. எங்கள் வாசல் நிலையில் அழுத்தி ஒரு டிக் போட்டார்.

"பாஸு!"

கோமதி அவர் காலில் விழுந்தபோது, "ஏய், எழுந்துரும்மா, எழுந்துரு" என்று பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டார்.

இப்போது எங்களிடம் ஒரு புதுக் கார் இருக்கிறது. அது நிற்பதே இல்லை. வீட்டுக்கு வண்ணம் அடிக்க வந்தவரிடம் அந்த டிக்கை மட்டும் தொடக் கூடாது என்று சொன்னோம். எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்.

அண்ணாத்தேயிடம் நன்றி சொல்லிப் பார்த்திருக்கிறேன். "எந்த பார்ட்டுக்கு?" என்று கேட்கிறார். அதனால் ஞாயிறுதோறும் குரல் வந்ததும் நாங்கள் இருவரும் இறங்கிப் போய், நூம்பல்வரை உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்து தள்ளிக்கொண்டு வருகிறோம்.