சீர்க் கட்டிலில் என் பேர்

மரச்சாமான் செய்கிற எவனுக்கும் வேலை முடிந்த கையோடு ஒரு அரிப்பு வரும். பேரைப் போட வேண்டும், தேதியைப் போட வேண்டும். இதில் அடக்கமானவர்களும் உண்டு. இழுப்பறையின் பின்பக்கம் பென்சிலால் கிறுக்குவார்கள். நாற்காலிக்கு அடியில் குழி தோண்டி, அந்த வருசத்து நாணயம் ஒன்றைப் பதித்து மூடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பேர் போடுகிறவன் தன் வேலையை நம்பாதவன் என்பது அன்றைக்கு என் கொள்கை. (கொள்கை என்றால் கௌரவமாக இருக்கிறது. கொழுப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.)

உத்தமபாளையத்தில் பட்டறை போட்ட புதிது. வெளிநாட்டுத் தச்சன் ஒருவன் பேர் வெட்டிய பித்தளை அச்சைக் காய்ச்சி மரத்தில் அழுத்துவதை செல்போனில் பார்த்தேன். புகை அடங்கியதும் அவன் பேர் கருகருவென்று நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தேனியில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி, ‘செல்வம்’ என்று ஒரு அச்சும், தேதிக்குத் தனித்தனி எண்களும் செய்து வாங்கினேன். அதன் பிறகு என் கையில் அகப்பட்ட எதுவும் தப்பவில்லை. முக்காலி, பூரிக்கட்டை, சாமி அலமாரி, எல்லாவற்றிலும் செல்வம். பண்ணைப்புரத்தில் என் தாய்மாமன் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கதவு செய்து கொடுத்தேன். அதிலும் போட்டேன்.

அந்த மாமா மகள் கவிதாவுக்குக் கோம்பையில் மாப்பிள்ளை அமைந்தது. சீர்க் கட்டிலை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். தேக்கு. தலைமாட்டுப் பலகையில் இரண்டு மயில்கள். (கொஞ்சம் கோழிச் சாடையில் வந்துவிட்டன, போகட்டும்.) மயில்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. அங்கே பேரையும், கீழே தேதியையும் பழுக்கக் காய்ச்சி அழுத்தினேன். மாமாவிடம் மூச்சுவிடவில்லை. மண்டபத்தில் எல்லோரும் பார்த்து, யார் இந்தச் செல்வம் என்று விசாரிக்க வேண்டும், கம்பம் பள்ளத்தாக்கே என் பட்டறை வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பது திட்டம்.

விசாரிக்கத்தான் செய்தார்கள்.

எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரங்களில் பெண்ணின் பேரை வெட்டிக் கொடுப்பது வழக்கம். பேர் யாருடையதோ, பொருள் அவருடையது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் சீரைப் பரப்பியிருந்தோம். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். அண்டாவில் கவிதா. குடத்தில் கவிதா. குத்துவிளக்கில் கவிதா. கட்டிலில் செல்வம்.

“யாரு இந்தச் செல்வம்?”

இதற்காகத்தானே காத்திருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றேன். “நாந்தாங்க.”

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?”

“அத்தை மகன்.”

மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். அத்தை மகன் என்றால் முறைப்பையன், கட்டிக்கொள்ள உரிமை உள்ளவன். முறைப்பையன் பேர் மணப்பெண்ணின் கட்டிலில், அதுவும் தலைமாட்டில், அதுவும் தேதியோடு.

“இந்தத் தேதியில என்ன நடந்துச்சு?” என்றார் பெரியம்மா.

“அன்னைக்குத்தாங்க பாலிஷ் காஞ்சுச்சு.”

சத்தியமான பதில். ஒருத்தரும் நம்பவில்லை.

“உரிமைக்காரன் ஒருத்தன் இருக்கான்னு முன்னாலயே சொல்றதுக்கென்ன?” என்று மாமாவைக் கேட்டார். “மொதல்ல அதைப் பேசி முடிங்க. அப்புறம் தாலியப் பத்திப் பேசுவோம்.” சொல்லிவிட்டுப் பையை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டில் நாலைந்து பேர் கூடவே எழுந்தார்கள். தேக்குக் கட்டில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியபோது வராத ரோசம், நாலு எழுத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகள் கல்யாணம் என்னால் நின்றுவிடும் போலிருந்தது.

“ஏலே, அதை அழிச்சுத் தொலை” என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

வண்டியில் கிடந்த உப்புத்தாளோடு பாய்ந்தேன். சூடு ஆழமாக இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்கச் சுற்றிலும் பாலிஷ் போய் மரம் வெளுத்ததே தவிர, நடுவில் என் பேர் முன்னைவிடத் தெளிவாக எழுந்து நின்றது. மண்டபத்து வாசலிலிருந்தே படிக்கலாம்.

அதற்குள் சேதி போய், கவிதா ஒரு கண்ணில் மட்டும் மை தீட்டியபடி அறையிலிருந்து வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவிடம் சொன்னாள்.

“எங்க மச்சான் எதைச் செஞ்சாலும் பேரைப் போட்டுருவாக. எங்க ஆட்டுக் கொட்டகைக் கதவுலயும் இதே பேரு இருக்கு, தேதியும் இருக்கு. அப்ப ஆட்டுக்கும் இவுகளுக்கும் என்ன முறை?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இவுகளக் கட்டிக்கிறியான்னு எங்கப்பா போன வருசமே கேட்டாக. நாந்தான் வேணாம்னுட்டேன்.”

இது எனக்கே புதுச் செய்தி. எனக்காக அவளைக் கேட்டு, வேண்டாமென்று முடிவாகி, எல்லாம் ஓய்ந்த பிறகு நான் பாட்டுக்கு மயில் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள்மேல் எனக்கு அப்படி ஆசை ஒன்றும் இருந்ததில்லை. இருந்தும் அத்தனை பேருக்கு நடுவில் அதைக் கேட்டபோது நிஜமாகவே வலித்தது.

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். “உக்காருங்க பெரியம்மா. அதான் பொண்ணே வேணாம்னுருச்சுல்ல” என்றார். பெரியம்மா என்னை இன்னொரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பெண் சொன்னது நியாயம்தான் என்று பட்டிருக்க வேண்டும். பையைக் கீழே வைத்துவிட்டார்.

கட்டில் கோம்பைக்குப் போயிற்று. என் பேரை மறைத்து ஒரு காலண்டர் தொங்குகிறது. நானும் பென்சிலால் அடியில் கிறுக்குகிற கட்சிக்கு மாறிவிட்டேன். என் கல்யாணத்துக்குச் செய்த கட்டிலில் அதைக்கூடச் செய்யவில்லை. கவிதா என் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே மனைவி எங்கள் கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள்.

“ஆட்டுக்குப் போட்டீக, கவிதாவுக்குப் போட்டீக. இங்கன போட மட்டும் மனசு வரலையாக்கும்” என்றாள்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பேச்சை இன்னும் விடவில்லை. இப்போதும் யார் விருந்துக்கு வந்தாலும் காபி கொடுக்கும் முன்பு அந்தக் கட்டிலைக் காட்டிவிடுகிறாள். “இவுக பேரு போடாதது இந்த வீட்டுல ரெண்டே ரெண்டு. ஒண்ணு இந்தக் கட்டிலு, இன்னொண்ணு நானு.”