ராமேஸ்வரத்துக்கு இரண்டே டிக்கெட்

மணிமாறன் விழுப்புரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலில் இரண்டே இரண்டு டிக்கெட் போட்டிருந்தான். ஒன்று அவனுக்கு, இன்னொன்று பெண்டாட்டி தேவகிக்கு. தேவகியைத் தவிர வீட்டில் வேறு யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. மறுநாள் காலையில் தட்டில் இட்லி வைத்துக்கொண்டே அம்மா வெள்ளையம்மாள் கேட்டாள்:

"எனக்கு சன்னலோர சீட்டாடா மணி?"

மணிமாறன் பிய்த்த இட்லியைத் தட்டிலேயே வைத்தான்.

"எங்கம்மா?"

"ராமேஸ்வரத்துக்குத்தான். தேவகி சொல்லிச்சே."

மணிமாறன் சமையல்கட்டைப் பார்த்தான். தேவகி கருமமே கண்ணாகச் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகிறது. திண்டிவனத்தில் அவர்கள் வீடு ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. புது மாப்பிள்ளை என்று அறையை அவனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெருந்தன்மையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என்ன, டிவி அந்த அறையில் இருந்தது. அம்மாவின் மாத்திரை இருக்கும் பீரோவும் அங்கேதான். மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் குடியிருந்த அண்ணன் அய்யப்பனும் அண்ணி பவானியும் "மேல அனலா கொதிக்குது" என்று இரண்டு பிள்ளைகளோடு கீழே இறங்கி வந்தால், அவர்கள் உட்காரும் இடமும் அதே அறைதான். பிள்ளைகள் டிவி பார்த்தபடியே புது மெத்தையில் தூங்கிப்போகும். தூங்கும் பிள்ளையை எழுப்பினால் பாவம் என்பார்கள்.

பெண்டாட்டியோடு நான்கு வார்த்தை பேச வேண்டும் என்றால் மணிமாறன் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கேதான் கொஞ்சம் தனிமை கிடைத்தது.

அப்படி இருக்கும்போதுதான் அவனுடைய செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்த ஒருவர் ராமேஸ்வரம் தீவைச் சுற்றிவிட்டு வந்த படங்களைக் காட்டினார். பாம்பன் பாலம். அடியில் கண்ணாடி வைத்த படகு. தனுஷ்கோடி. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல், நடுவில் வெறும் மணல். கடைசிப் படத்தில் மணிமாறனின் கண் நிலைகுத்தி நின்றது. அதில் ஒரு மனிதர்கூட இல்லை. அன்றைக்கே டிக்கெட் போட்டு, கடலோரத்தில் ஒரு அறையும் பதிவு செய்துவிட்டான்.

அங்கேதான் பையன் தப்புச் செய்தான். ஊட்டி என்று சொல்லியிருந்தால் "சின்னஞ்சிறுசுங்க, போய்ட்டு வரட்டும்" என்று வழியனுப்பி வைத்திருப்பார்கள். ராமேஸ்வரத்துக்குத் தேனிலவு போகிறவனை நம் ஊரில் யார் தனியாக விடுவார்கள்?

"உங்கப்பா போய் மூணு வருசம் ஆவுது. ராமேஸ்வரத்துல அவருக்கு ஒரு முழுக்குப் போடணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். நீயா டிக்கெட் போட்டிருக்க பாரு, அவர்தான்டா உள்ள பூந்து போட வெச்சிருக்காரு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பாவையே இழுத்துவிட்ட பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மணிமாறன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அம்மா, இது கோயிலுக்குப் போறது இல்ல. செல்போன் கம்பெனிக்காரன் ட்ரெய்னிங் வெச்சிருக்கான். ராமநாதபுரத்துல. நாள் பூரா கிளாஸ்."

"அப்ப நல்லதாப் போச்சு. ராமநாதபுரத்துலேர்ந்து ராமேஸ்வரம் கூப்பிடு தூரம். நீ கிளாஸுல ஒக்காரு. நானும் தேவகியும் தீர்த்தமாடிட்டு வந்துடறோம்."

முதல் பொய்யிலேயே பெண்டாட்டி கையை விட்டுப் போய்விட்டாள். மணிமாறன் அன்று சாயங்காலமே ட்ரெய்னிங்கை ரத்து செய்தான்.

"இன்னும் ஒண்ணும்மா. அங்க இப்ப அலை ஜாஸ்தியாம். கடல்ல யாரையும் எறங்க உடறதில்லையாம். பேஜாரு."

அம்மாவின் முகம் மாறியது. மணிமாறனுக்கு உயிர் வந்தது. ஆனால் மறுநாள் மத்தியானம் அவன் சாப்பிட வந்தபோது ஹாலில் மாமனார் சேட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு கூடை சங்கரா மீனோடு. மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்த நாள் முதல் கடலுக்குப் போகிறவர்.

"வாங்க மாமா. இன்னா திடீர்னு?"

"கடலைப் பத்தி ஏதோ கவலைப்படறீங்களாமே மாப்ள. தேவகி போன் பண்ணிச்சு. அக்னி தீர்த்தத்துல ஏதுங்க அலை? கொளம் மாதிரி கெடக்கும். நான் ரெண்டு வருசம் பாம்பன்ல தொழிலுக்குப் போனவன். நீங்க பயப்படாதீங்க, நானும் உங்க அத்தையும் கூடவே வர்றோம். சம்மந்தியம்மா கையைப் புடிச்சி நானே முழுக்காட்டி வெக்கறேன்."

"நீங்க எதுக்கு மாமா சிரமம்..."

"சிரமம் இன்னா? அங்க பாக்கறதுக்கு வேற இன்னா இருக்குது?"

மணிமாறன் அசட்டுத்தனமாகக் கண்ணாடிப் படகைப் பற்றிச் சொன்னான். அடியில் கண்ணாடி, அதன் வழியாக மீன்களைப் பார்க்கலாம் என்றான்.

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வந்துடணும்."

"புடிக்கக் கூடாதா?"

"கூடாது மாமா."

சேட்டு மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல இடத்தில்தான் பெண்ணைக் கொடுத்தோமா என்ற சந்தேகம் அவருக்கு முதல் முறையாக வந்தது.

"இதுக்குக் காசு வேற குடுக்கணுமா?"

"ஆமா."

"சரி. வந்து பாக்கறேன். அப்படியே அவன் கண்ணாடியை எதை வெச்சி ஒட்டியிருக்கான்னும் பாத்துடலாம்."

மணிமாறனிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆயுதம்தான். ரயிலில் இடம் இல்லை. இருப்பது இரண்டே டிக்கெட், லீவு நாள் வருவதால் எல்லாம் நிரம்பிவிட்டது என்று அண்ணனிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். அண்ணன் வெறுமனே கேட்டுக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

"கவலையை உடுடா. அந்தோணிசாமிகிட்ட வேன் பேசியாச்சு. வழியில எங்க வேணும்னாலும் நிறுத்திக்கலாம். பவானியும் பசங்களும் குதிக்குதுங்க. உன் டிக்கெட்டை கேன்சல் பண்ணிடு."

"வேன் எதுக்கு அண்ணே? நீங்க எதுக்கு..."

"அப்பாவுக்குச் செய்யணும்னா பெரியவன் நான் இல்லாம எப்படிடா? எத்தினி பேருன்னு மட்டும் அந்தோணிசாமி கேட்டாரு. அதை தேவகி போன்ல சொல்லிடும். அவரும் தேவகி ஊரு பக்கம்தானாம்."

அன்று மணிமாறன் தேவகியை பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப்போனான். செஞ்சி பஸ் புறப்படும் இரைச்சலில் ஆளுக்கொரு டீயோடு நின்றார்கள்.

"ஏன் தேவகி எல்லார்கிட்டயும் சொல்ற? உனக்கு வாயே நிக்காதா?"

"கேட்டாங்க, சொன்னேன். பெரியவங்க ஆசைப்படறாங்க, உடுங்க."

"நம்ம ஆசை?"

தேவகி டீயை ஊதினாள். "கடலைப் பாக்கணும்னு எனக்கு இன்னாங்க ஆசை? பொறந்ததுலேர்ந்து அதைத்தான பாத்துக்கினு இருந்தேன். எனக்கு நம்ம வீட்டையே இன்னும் முழுசா பாக்க முடியல."

"கடல் வேற, தீவு வேற தேவகி. சுத்தித் தண்ணி. நடுவுல நாம ரெண்டு பேர். ஒரு பய வர மாட்டான்."

"ஒருத்தரும் வராம இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அவள். மணிமாறனுக்கு அழுகை வரும்போல இருந்தது. இவளுக்கு ஒரு நாலு நாள் நிம்மதியைக்கூட வாங்கித் தர முடியாதவன் என்ன புருஷன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

அந்த வேகத்தில்தான் கடைசித் தவறையும் செய்தான். அம்மாவிடம் போய், "வேன்ல போனா வெளி சாப்பாடுதான். உனக்கு ஓட்டல் எண்ணெய் ஒத்துக்காது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில கொண்டுபோய் சேத்தோமே, மறந்துட்டியா?" என்றான்.

அம்மா மறக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்து ஒரு நிமிஷம் உண்மையாகவே நடுங்கினாள். மறுநாள் பிரம்மதேசத்திலிருந்து சின்னம்மா பாஞ்சாலி வந்து இறங்கினாள். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவள். கூடவே அவள் புருஷன், மகள், மருமகன். இரண்டு அண்டா, ஒரு அடுப்பு, கேஸ் சிலிண்டர், ஒரு மூட்டை அரிசி, வழியில் உரித்துக் கொறிக்க வறுத்த மல்லாட்டை.

"நான் இருக்கும்போது அக்கா எதுக்கு ஓட்டல்ல துன்னணும்? தேவகி சொன்னதும் ஒரு கல்யாண ஆர்டரையே உட்டுட்டு வர்றேன்" என்றாள் சின்னம்மா.

அதன் பிறகு மணிமாறன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இன்னொரு குடும்பம் வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

புறப்படும் நாள் காலையில் வேன் வந்து நின்றது. அண்டாவை ஏற்றினார்கள், அரிசி மூட்டையை ஏற்றினார்கள், அடுப்பையும் சிலிண்டரையும் கட்டினார்கள். ஏற்றியது எல்லாம் மணிமாறன். வேர்க்க விறுவிறுக்க நிமிர்ந்து பார்த்தபோது வேனில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு தீர்ந்துவிட்டது. நடைபாதையில் அண்டாக்கள். அவனும் தேவகியும் மட்டும் தெருவில் நின்றார்கள்.

"ஐயையோ, சின்னதுங்களுக்கு எடம் இல்லியே! நான் எறங்கிக்கறேன்" என்றாள் அம்மா, முன் சீட்டின் கம்பியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு.

"நான் மேல ஒக்காந்துக்கறேன். எனக்குக் காத்து பழக்கம்தான்" என்றார் சேட்டு.

"அண்டாவை எறக்கிடலாமே" என்றான் மணிமாறன்.

"அண்டாவை எறக்கினா சாப்பாடு?" என்று ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

அப்போது தேவகி சன்னலருகே போனாள்.

"அத்தை, நீங்கள்லாம் போய்ட்டு வாங்க. மாமாவுக்குச் செய்ய வேண்டியதைப் பெரியவரு செஞ்சா போதும். வீட்டை யார்கிட்ட உட்டுட்டுப் போறது? நாங்க இருக்கறோம்."

வேனுக்குள் எல்லாரும் தேவகியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு சின்னம்மா மூக்கை உறிஞ்சினாள். "மருமவள்னா இதுதான்டி மருமவ" என்றாள். அம்மா சன்னல் வழியாகக் கையை நீட்டி தேவகியின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். "உனக்குப் பதிலா நான் ஒரு முழுக்குப் போடறேன்டி தங்கம்." சேட்டு மகளைப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டினார். எல்லாருக்கும் மனசு நிறைந்திருந்தது, மணிமாறனைத் தவிர.

"ஜல்தி, ஜல்தி, வெயிலுக்கு முன்னாடி விழுப்புரம் தாண்டணும்" என்று அந்தோணிசாமி ஹாரன் அடித்தார். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

மணிமாறன் உள்ளே வந்து ஹாலில் விழுந்தான். டிக்கெட் போச்சு. தனுஷ்கோடி போச்சு. பதிவு செய்த கடலோர அறையில் இன்றைக்கு சின்னம்மாவின் மருமகன் கால் நீட்டித் தூங்குவான். அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. தேவகி வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தாழ்ப்பாளை யாரும் போட்டதில்லை; மாடியிலிருந்து யாராவது இறங்கி வருவார்கள் என்று ராத்திரியிலும் கதவைச் சாத்துவதோடு சரி. அது துருப்பிடித்திருந்ததால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. அடுத்து அறைக்குள் போய் டிவி ஒயரைப் பிடுங்கினாள்.

"வஞ்சிர மீனு வாங்கி வெச்சிருக்கேன், வறுத்துடறேன். நீங்க இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க?"

"உனக்கு வருத்தமே இல்லியா தேவகி?"

"குளிச்சிட்டு வந்து வருத்தப்படறேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

எவ்வளவு நல்ல பெண், எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தே பழகிவிட்டாள் என்று மணிமாறன் உருகினான். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தேவகியின் செல்போன் அடித்தது. அவன் எடுத்தான்.

"தங்கச்சி இல்லீங்களா? அந்தோணிசாமி பேசறேன் சார். விழுப்புரத்துல டீக்கு நிறுத்தியிருக்கோம். எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு சொல்லிடுங்க. தங்கச்சி போன் பண்ணச் சொல்லிச்சு."

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் மணிமாறனுக்கு அந்த ஆள் மேல் பொத்துக்கொண்டு வந்தது.

"அது இருக்கட்டும், நீங்க செஞ்சது நல்லா இருக்குதாங்க? இத்தினி பேருன்னு முன்னாடியே சொல்லித்தான வெச்சோம்? கொஞ்சம் பெரிய வண்டியா அனுப்பக் கூடாதா?"

"பெரிய வண்டி ஷெட்டுல சும்மாத்தான் சார் நிக்குது. தங்கச்சிதான் ஒவ்வொரு ஆள் சேரும்போதும் போன் பண்ணி, 'எத்தினி பேர் ஏறினாலும் ரெண்டு சீட்டு பத்தாம போற வண்டியா பாத்து அனுப்புண்ணே'ன்னு சொல்லிக்கினே இருந்துச்சு!"