சம்பங்கி வாசனையும் ஜெயசீலன் மாமாவின் மீசையும்

அன்புள்ள ஜெயசீலன் மாமாவுக்கு,

லிங்கராஜபுரத்திலிருந்து உங்கள் தங்கை மகள் லவினா ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அத்திபெலேயில் உங்கள் சுகத்தையும், குறிப்பாக உங்கள் மீசையின் சுகத்தையும் அறிய ஆவல். வாட்ஸாப்பில் அனுப்பினால் பார்க்கவே இல்லை என்பீர்கள். ஆகவே பதிவுத் தபால்.

சென்ற மாதம் எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே நீங்கள் சொன்னதை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். சம்பங்கி பறித்த பிறகும் மணம் விடும், கொழுப்பின் மேல் பரப்பினால் கொழுப்பு அந்த மணத்தைக் குடித்துக்கொள்ளும், அப்படித்தான் ஒரு காலத்தில் சென்ட் எடுத்தார்கள் என்று நான் படித்துக் காட்டினேன். "இருபது வருஷமா பூ விக்கிறேன், எனக்கே கதையா? வனஸ்பதில வாசனை ஏறிச்சுன்னா மீசைய எடுத்துடறேன். ஏறலன்னா கிறிஸ்மஸ் லீவு பூரா புக்க மூடி வச்சிட்டு என் கடையில வந்து பூ கட்டு" என்றீர்கள். அப்பா சாட்சி.

நீங்கள் தினமும் மார்க்கெட்டில் அப்பாவிடம் கொடுத்தனுப்பிய பூவைப் பன்னிரண்டு நாட்கள், கண்ணாடித் தட்டில் தடவிய வனஸ்பதியின் மேல் கவிழ்த்து வைத்தேன், தினமும் வாடியதை எடுத்துப் புதியது வைத்தேன், கடைசியில் வழித்து டப்பாவில் போட்டேன், அதிலிருந்து வாசனையைப் பிரிக்கச் சாராயம் வேண்டும் என்று புத்தகம் சொன்னதால் "அப்பா, எனக்குக் கொஞ்சம் நல்ல சாராயம் வேணும்" என்று கேட்டேன், கூடத்தில் பாஸ்டர் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை, அவர் எனக்காக அரை மணி நேரம் ஜெபம் செய்துவிட்டுப் போனார், ஆகவே சாராயம் இல்லாமலே டப்பாவைப் பள்ளிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். நடுவர் கஸ்தூரிரங்கன் சார் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "வெறும் வனஸ்பதிதாம்மா இது" என்றார். பக்கத்து மேசையில் சிந்துவின் எரிமலை பொங்கிக் கைதட்டல் வாங்கியது. என் கண் முன்னால் உங்கள் கடையும் பூ கட்டும் நூல்கண்டும் வந்து நின்றன.

அப்போதுதான் எங்கள் கிளாஸ் டீச்சர் ஆஷா மிஸ், அம்மா வகுப்புக்காகச் செய்து கொடுத்தனுப்பிய கேக்கை வெட்டினார். "ஏய், யாருடி சுகந்தராஜ மாலை போட்டுட்டு வந்தது?" என்று கத்தினார். மிஸ்ஸுக்குச் சம்பங்கியைக் கன்னடத்தில் சுகந்தராஜ என்றுதான் சொல்ல வரும். ஹால் முழுவதும் கல்யாண மண்டபம்போல் மணந்தது. எனக்குப் புரிந்துவிட்டது மாமா! அம்மா என் டப்பாவிலிருந்து எடுத்துத்தான் கேக்குக்கு க்ரீம் அடித்திருக்கிறார்; காலியானதும் மளிகைக் கடையில் புதிதாக வாங்கி டப்பாவை நிரப்பியும் வைத்திருக்கிறார். நான் மேசை மேல் ஏறாத குறையாக எல்லாவற்றையும் விளக்கினேன். சார் இரண்டு துண்டு சாப்பிட்டார். "வாய்க்குள்ள மாலை போட்ட மாதிரி இருக்கும்மா" என்று சொல்லி முதல் பரிசு கொடுத்தார். கேடயம் எங்கள் டிவி மேல் இருக்கிறது. சிந்து இரண்டு முறை வந்து பார்த்துவிட்டாள்.

ஆகவே, மீசை. ஞாயிறு ஆராதனைக்கு மழித்த முகத்துடன் வரவும். அத்தை உங்களை அடையாளம் கண்டுகொள்ளவும், கர்த்தர் உங்கள் மேலுதட்டைக் குளிரிலிருந்து காக்கவும் வேண்டிக்கொள்ளும்,

வெற்றி பெற்ற
லவினா

பி.கு.: இதைப் படித்துப் பார்த்த அம்மா இப்போதுதான் சொல்கிறார்: "அண்ணன் பூவுக்கு பாட்டில் சென்ட்ட தெளிச்சுத்தானேடி அனுப்பும்!" நிஜமா மாமா? நிஜமென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும். ஆஷா மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டாம். கேடயம் டிவி மேலேயே இருக்கட்டும். மீசை உங்கள் முகத்திலேயே இருக்கட்டும்.