மாப்பிள்ளை அக்கா

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரையும் ஓட ஓட விரட்டிய ஒரே மனுஷி மாப்பிள்ளை அக்காதான். போலீஸ் ஜீப்புக்கு அசையாதவன்கூட அவருடைய ஸ்கூட்டி சத்தம் கேட்டால் வயலுக்குள் இறங்கிவிடுவான்.

நான் லேப் டெக்னீஷியனாக இருந்த அரசு ஆஸ்பத்திரியில் அவர் ஆலோசகர். எச்.ஐ.வி. பரிசோதனை எதற்கு என்று கர்ப்பிணிகளுக்கு விளக்குவது அவர் வேலை. வருகிற பெண்ணிடம் முதல் கேள்வியே, "மாப்பிள்ளை எங்க?" பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

"நான்தானேக்கா மாசமா இருக்கேன், அவருக்கு எதுக்கு?"

"புள்ளை உனக்கு மட்டுமா? கூட்டிட்டு வா."

வராதவர்களைத் தேடி அவரே போவார். அறுவடை மெஷின் ஓட்டும் ஒருவன், வரப்பில் நின்று கையைக் காட்டியவரைப் பார்க்காத மாதிரி அடுத்த சுற்றுப் போனான். திரும்பி வந்தால், வயலுக்கு நடுவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறார். "நீங்க இறங்குறீங்களா, நான் ஏறட்டுமா?" இறங்கினான்.

வளைகாப்புக்கும் கூப்பிடாமலே போவார். புளிசாதத்துக்கு நடுவே ஆரம்பிப்பார்: "சீக்கிரமே டெஸ்ட் எடுத்துக்கணும். தொற்று இருந்தாலும் பயப்பட வேணாம். மாத்திரையை விடாம சாப்பிட்டா, புள்ளைக்குப் போகாம பெரும்பாலும் தடுத்துடலாம்."

"நல்ல நாளும் அதுவுமா இந்தப் பேச்சா?" என்பாள் ஓர் அத்தை.

"நல்ல நாள்லதானே எல்லாரும் ஒரே இடத்துல கிடைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்பார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். பெயர் வேண்டாம். முதல் பிரசவம். ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அவளோடு பேசினார். வீட்டுக்குப் போனவள் நம்பிப் புருஷனிடம் சொன்னாள். அவன் டெஸ்டுக்கு வர மறுத்தான். "இவதான் எங்கேயோ வாங்கிட்டு வந்தா" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லி, துணிப்பையோடு அவளை வெளியே அனுப்பினாள். பிறந்த வீட்டிலும் கதவு திறக்கவில்லை.

அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். விஷயம் கசிந்து வீட்டு ஓனர் வந்தார். "காலி பண்ணிடுங்கம்மா. நாங்க குடும்பத்தோட இருக்கிறவங்க."

"நாங்க மட்டும் சர்க்கஸ் கம்பெனியா?" என்றார் அக்கா. ஆனாலும் காலி செய்ய வேண்டியிருந்தது. குட்டி யானை வண்டியில் பாத்திரங்களுக்கு நடுவே அந்த நிறைமாதக்காரியைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு கை உதவிக்கு நீளவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை வயதில் எடுத்த கடைசிப் பரிசோதனையிலும் தொற்று இல்லை. கொஞ்ச நாளில் புருஷன் தன் அம்மாவோடு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லையாமே. அதை மட்டும் குடுத்துடுங்க, நாங்க வளர்த்துக்கிறோம்."

அக்கா வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் முன்னால் வந்தாள். "மொதல்ல நீங்க டெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

அவர்கள் எழுந்து போனார்கள். ஆப்பிள் பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவன் இன்றுவரை டெஸ்ட் எடுக்கவில்லை. அவனுக்கு வேறு பெண் பார்ப்பதாகக் கேள்விப்பட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை.

அக்கா, அந்தப் பெண், குழந்தை மூவரும் இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் விரால் மீன் வாங்கிப் போவேன். "கண்ணு தெரியலையா, இதைப் போய் வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்று வாசலிலேயே அக்காவிடம் திட்டு விழும். அந்தத் திட்டை வாங்காத வாரம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வந்த மாதிரியே இருப்பதில்லை.